தென்காசியில் எத்தனை எழுத்து?

தென்காசி என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால், தெ, ன், கா, சி என்று விரல் மடக்கி நான்கு என்று சொல்லிவிடும். அதே கேள்வியைப் பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் 8 என்று விடை வரும். பைத்தானின் பழைய 2ஆம் பதிப்பில் வெறும் மேற்கோள் குறிக்குள் இட்டுக் கேட்டால், பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் 24 வரும்.

கணினி பொய் சொல்லவில்லை. 24 என்பது அந்தச் சொல் நினைவகத்தில் பிடிக்கும் பைட்டுகள். 8 என்பது யூனிகோடு குறியீடுகள்: த ஒன்று, ஒற்றைக் கொம்பு ஒன்று, ன ஒன்று, புள்ளி ஒன்று, க ஒன்று, கால் ஒன்று, ச ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. நான்கு என்பது தமிழ் படித்த யாரும் எண்ணுகிற எண்ணிக்கை. இந்த மூன்றாவது விடையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க யாராவது நிரல் எழுத வேண்டும். எழுதிய நிரல் இன்றைக்குச் சரியாக வேலை செய்தால் போதாது, அடுத்த ஆண்டு வேறொருவர் கைவைத்த பிறகும் சரியாக வேலை செய்ய வேண்டும்.

இந்தப் பதிவு அந்த இரண்டாவது கவலையைப் பற்றியது. திறமூல மென்பொருள் என்றதும் நிரல் எழுதுகிறவர்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறார். அந்த நிரலுக்குச் சோதனை எழுதுகிறவரும் ஆவணம் எழுதுகிறவரும் அதே அளவு மதிக்கப்பட வேண்டியவர்கள். தமிழ் சார்ந்த மென்பொருளில் இவ்விரு வேலைகளுக்கும் நிரல் அறிவைக் காட்டிலும் தமிழ் அறிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது. தென்காசியிலோ வடகரையிலோ இருக்கும் ஒரு தமிழாசிரியர், ஒரு கல்லூரி மாணவி, ஒரு டிடிபி கடைக்காரர் ஆகியோர் இதில் நுழைய வழி அகலமாகத் திறந்திருக்கிறது.

எழுத்தைப் பிரிக்கும் நூலகம்

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம். அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலையின் முன்னெடுப்பில், எழில் என்ற தமிழ் நிரல்மொழி முயற்சியோடு சேர்ந்து வளர்ந்தது. மூலநிரல் முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இருக்கிறது. எம்ஐடி உரிமம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். சொல்லை எழுத்துகளாகப் பிரிப்பது, அகராதி வரிசையில் அடுக்குவது, எண்ணைத் தமிழ்ச் சொல்லாக மாற்றுவது, பழைய எழுத்துருக் குறிமுறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது, வேர்ச்சொல் காண்பது என்று பல பகுதிகள் அதில் உண்டு. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் எழுதிய பகுதிகள் அவை.

அந்தக் களஞ்சியத்தைத் திறந்தால் நிரல் அடைவுகளுக்குப் பக்கத்திலேயே சோதனைகளுக்கென்று ஓர் அடைவு இருக்கும். அதில் இருப்பவையும் நிரல்களே, ஆனால் அவற்றின் வேலை வேறு. ஒரு சொல்லை எழுத்துப் பிரிக்கும் செயற்கூறிடம் கொடுக்கிறது சோதனை. என்ன விடை வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. வந்ததும் வரவேண்டியதும் ஒன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் தானியங்கிச் சோதனை.

இந்த வடிவம் இன்று உலகம் முழுதும் பரவியதற்கு ஒரு விமானப் பயணம் காரணம். 1997இல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் பறந்தபோது, ஜாவா மொழிக்கு ஜேயூனிட் என்ற சிறிய சோதனைக் கருவியின் முதல் வடிவத்தை எழுதினார்கள். அதே பாணி மற்ற மொழிகளுக்கும் போனது. பைத்தானின் 2.1 பதிப்பில், 2001இல், யூனிட்டெஸ்ட் என்ற பெயரில் அது மொழியோடேயே வரத் தொடங்கியது. அதே பதிப்பில் டாக்டெஸ்ட் என்ற இன்னொன்றும் வந்தது. அதைப் பற்றிப் பின்னால்.

தென்காசிக்கு 4, குற்றாலத்துக்கு 5, வடகரைக்கு 4 என்று மூன்று வரிச் சோதனை எழுதிவிட்டால், பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறும்போது எண்ணிக்கை பிசகினால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஓப்பன்-தமிழ் பல ஆண்டுகள் இரண்டு பதிப்புகளிலும் ஓடியாக வேண்டியிருந்தது. 2020 ஜனவரி 1இல் பைத்தான் 2க்கு ஆதரவு நிறுத்தப்படும் வரை உலகெங்கும் பல நூலகங்களுக்கு இதே நிலைதான். அந்த நீண்ட மாற்றக் காலத்தில், ஒன்றில் திருத்தியது மற்றொன்றில் உடைந்ததா என்பதைச் சொல்லச் சோதனைகளை விட்டால் வேறு வழி கிடையாது.

எளிதாகத் தெரிவதில்தான் சிக்கல்

எழுத்தெண்ணிக்கை ஏதோ இலக்கணப் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். ஓர் இணையப் படிவத்தில் ஊர்ப் பெயருக்கு 11 குறியீடுகள்தான் என்று வரம்பு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அச்சன்புதூர்க்காரர் தம் ஊரை நிரப்புகிறார். மனிதக் கணக்கில் ஏழு எழுத்து. குறியீட்டுக் கணக்கில் 12. கடைசிப் புள்ளி மட்டும் வெட்டுப்பட்டு, ‘அச்சன்புதூர’ என்று பதிவாகிவிடும். பிறகு அந்த ஊரைத் தேடினால் அந்தப் பதிவு கிடைக்காது.

சொல்லைத் திருப்பிப் போடுவது அடுத்த சோதனை. தென்காசியை எழுத்து எழுத்தாகத் திருப்பினால் ‘சிகான்தெ’ என்று வரவேண்டும். குறியீடுகளை அப்படியே திருப்பினால் தொடக்கத்தில் ஓர் அநாதை இகரக் கொக்கி நிற்கும், புள்ளி ன-வை விட்டு க-வின் மேல் ஏறும், கொம்பு த-வை விட்டு ன-வுக்குப் போகும். குறுக்கெழுத்து, சொல் விளையாட்டுச் செயலி எழுதுகிறவர்கள் முதலில் இடறி விழுவது இங்கேதான்.

வரிசைப்படுத்துவது இதைவிடச் சுவையானது. பந்து, பம்பரம், பழம், பனை என்ற நான்கு சொற்களும் தமிழ் அகராதியில் இந்த வரிசையில்தான் நிற்கும், ஏனெனில் ன நம் நெடுங்கணக்கில் கடைசி மெய். யூனிகோடு அட்டவணையில் ன, ந-வுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் பந்து, பனை, பம்பரம், பழம் என்று வரும். புள்ளியிலும் அதே கதை: அகராதியில் பக்கம் முன்னே, பகல் பின்னே, குறியீட்டு வரிசையில் பகல் முந்திக்கொள்ளும். ஒரு நூலகப் பட்டியலோ வாக்காளர் பட்டியலோ இப்படி அடுக்கப்பட்டால் தேடுகிறவர் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவையும் உண்டு. ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இயல்பாக்கம் செய்தால் ஒன்றாகிவிடும். ‘கௌரி’யில் நிலைமை கடினம். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ள-வும் தட்டி எழுதியவர்கள் ஏராளம். அதை யூனிகோடு சமமாகக் கொள்ளாது, கொள்ளவும் முடியாது, ஏனெனில் ள தனி எழுத்து. பிழை என்று கண்டுபிடித்துத் திருத்தும் விதியைத் தமிழ் தெரிந்தவர்தான் தரவேண்டும்.

சில இடங்களில் சோதனை எழுத உட்கார்ந்த பிறகுதான், இன்னும் முடிவே எடுக்கப்படவில்லை என்பது தெரியவரும். லக்ஷ்மி என்ற பெயரில் எத்தனை எழுத்து? க்ஷ் ஓர் எழுத்து என்றால் மூன்று. க், ஷ் தனித்தனி என்றால் நான்கு. இரண்டுக்கும் நியாயம் உண்டு. நிரலாளர் இதைக் கவனிக்காமல் ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போகலாம். சோதனை எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. எதிர்பார்க்கும் விடையை எண்ணாக எழுதியாக வேண்டும், ஏன் அந்த எண் என்று ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தாக வேண்டும்.

எண்களும் அப்படித்தான். ஓப்பன்-தமிழில் எண்ணைக் கொடுத்தால் தமிழ்ச் சொல்லாக மாற்றித் தரும் பகுதி இருக்கிறது. லட்சம், கோடி என்று நம் முறையிலும் தரும், மில்லியன் முறையிலும் தரும். எட்டு எண்பது, எண்ணூறு, எட்டாயிரம் என்று ஒரு போக்கில் போகிறது. ஒன்பதோ 90இல் தொண்ணூறு, 900இல் தொள்ளாயிரம், 9,000இல் திரும்ப ஒன்பதாயிரம். 100 நூறு, 101 நூற்று ஒன்று. 1,000 ஆயிரம், 1,001 ஆயிரத்து ஒன்று. இந்த எல்லைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வேண்டும். எங்கே விதி மாறுகிறது என்பதை அறிந்தவர் பத்துச் சோதனையில் செய்வதை, அறியாதவர் ஆயிரம் எண்களைக் குருட்டாம்போக்கில் கொடுத்தும் செய்ய முடியாது.

காட்டில், பாட்டில்

சோதனைகள் ஏன் கூட்டமாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு வேர்ச்சொல் காணும் நிரலைவிட நல்ல பாடம் இல்லை. தேடுபொறிக்கு இது இன்றியமையாதது. ‘குற்றாலத்தில்’ என்று எழுதிய கட்டுரை, ‘குற்றாலம்’ என்று தேடுகிறவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஒரு தன்னார்வலர் ‘காட்டில்’ என்பதற்கு வேர் ‘காடு’ என்று கண்டுபிடிக்க ஒரு விதி எழுதுகிறார் என்று வையுங்கள். ட்டில் என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டு டு சேர். காட்டில் காடு, வீட்டில் வீடு, நாட்டில் நாடு எல்லாம் பச்சை. அடுத்து ‘பாட்டில்’ வருகிறது. விதி ‘பாடு’ என்கிறது. வரவேண்டியது ‘பாட்டு’. அது தண்ணீர் பாட்டிலாக இருந்தால் வேரைத் தொடவே கூடாது. ஆற்றில் என்பதற்கு ஆறு, சேற்றில் என்பதற்கு சேறு, சிற்றாற்றில் என்பதற்குச் சிற்றாறு என்று இன்னொரு விதி எழுதினால், காற்றில் என்பதற்குக் காறு என்று விடை வந்து நிற்கும்.

பாட்டுக்காக விதியை மாற்றினால் காடு உடையலாம். காற்றுக்காக மாற்றினால் ஆறு உடையலாம். மாற்றுகிறவர் எல்லாச் சொல்லையும் நினைவில் வைத்திருக்க முடியாது. முன்பு எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான சோதனைகள் அவருக்காக நினைவில் வைத்திருக்கின்றன. இப்போதெல்லாம் இதற்குத் தனியாக ஒரு பொத்தானை அழுத்தவும் தேவையில்லை. பொதுவில் இருக்கும் திட்டங்களுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவைகள் இலவசம். யாராவது ஒரு மாற்றத்தை அனுப்பியதும், ஒரு கணினி தானே எழுந்து அத்தனை சோதனையையும் ஓட்டி, எது உடைந்தது என்று அந்த மாற்றத்தின் பக்கத்திலேயே எழுதிவிடுகிறது.

தமிழ்த் திறமூலத் திட்டங்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். இங்கே பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அலுவலக வேலை முடித்து இரவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆள் ஒதுங்கிவிடுவார். அடுத்து வருகிறவர் அவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்க முடியாது. ‘காட்டில்’, ‘பாட்டில்’ இரண்டும் சோதனையில் இருந்தால், முதலாமவர் எதை யோசித்தார், எதில் சிரமப்பட்டார் என்பது இரண்டாமவருக்குக் கையில் கிடைக்கிறது. பயமில்லாமல் நிரலைத் தொடுகிறார்.

பத்து லட்சம் சொற்கள்

தமிழுக்காக நடந்த பெரிய சோதனைகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடக்கவில்லை. தமிழர் நடத்தவும் இல்லை. ஹார்ஃபஸ் என்ற திறமூல மென்பொருள் உண்டு. குறியீடுகளை வாங்கி, எழுத்துருவில் எந்த வடிவத்தை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. கொம்பைத் த-வுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதும், ‘கொ’வில் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைப்பதும் இத்தகைய மென்பொருளே. ஆண்ட்ராய்டு கைபேசி, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

அதை உருவாக்கிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் 2012 வாக்கில் இந்திய மொழிகளுக்கான பகுதியைத் திரும்ப எழுதினார். சரியாக வருகிறதா என்று பார்க்க அவர் செய்த ஏற்பாடு அழகானது. விக்கிப்பீடியாவிலிருந்து மொழிவாரியாகச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் தம் மென்பொருளிலும் அதே வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைபிலும் கொடுத்து, இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என்று ஒப்பிட்டார். மாற்றம் செய்யச் செய்ய, எந்த மொழியில் எத்தனை தேறியது, எத்தனை தவறியது என்ற கணக்கைப் பதிவுக் குறிப்பிலேயே எழுதினார். தமிழில் ஓட்டப்பட்டவை பத்து லட்சத்துக்கும் மேல். தவறுவது மிக மிக அரிது என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்தார்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்து மயூரநாதன் போன்றவர்கள் கூலி எதிர்பாராமல் கட்டுரை கட்டுரையாக எழுதிச் சேர்த்தார்கள். ஊர், கோயில், பறவை, வேதியியல் என்று அவர்கள் எழுதிய சொற்களே பத்தாண்டு கழித்து, தமிழ் எழுத்து கைபேசித் திரையில் சிதையாமல் நிற்பதற்குச் சோதனைத் தரவாயின. நல்ல தமிழில் பொதுவெளியில் எழுதி வைப்பதே மென்பொருளுக்குச் செய்யும் பங்களிப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்படிப்பட்ட சோதனை போதாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2018 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் ஐஃபோன் செயலிகள் முடங்கின. ஆப்பிள் அவசரமாக ஒரு திருத்தப் பதிப்பை வெளியிட்டது. தெலுங்கில் எழுதிப் பழகிய ஒருவருக்கு அந்தக் கூட்டெழுத்தும் அதன் கூறுகளும் கைவந்தவை. அத்தகையவர்களின் சொற்பட்டியல் வெளியீட்டுக்கு முன் ஓடியிருக்க வேண்டும்.

மொழியைத் தாண்டியும் இதே படிப்பினைதான். இணையப் பாதுகாப்புக்கு உலகம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் ஒரு பிழை புகுந்தது. எதிர்முனை ‘நான் இத்தனை பைட் அனுப்புகிறேன்’ என்று சொல்லும் அளவை, உண்மையில் வந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெயரில் அது வெளிவந்தபோது, கடவுச்சொல் உள்பட எதை வேண்டுமானாலும் கசியவிட்டிருக்கலாம் என்று தெரிந்தது. அளவைப் பொய்யாகச் சொல்லும் ஒரு சிறிய சோதனை இருந்தால் போதும் என்று காட்ட, மைக் பிளாண்ட் என்ற பொறியாளர் அந்தச் சோதனையை எழுதியே வெளியிட்டார்.

எதிர்த் திசையில் நிற்பது எஸ்க்யூலைட். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் இருக்கும் இந்தத் தரவுத்தளத்தை ரிச்சர்ட் ஹிப்பும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரும் பராமரிக்கிறார்கள். 2023இல் வந்த 3.42 பதிப்பின் நிரல் ஏறத்தாழ 1,55,800 வரி. சோதனை நிரல் அதைப் போல் 590 மடங்கு என்று அவர்களே கணக்குத் தருகிறார்கள். சிலர் மட்டும் சேர்ந்து கோடிக்கணக்கான கைபேசிகளுக்குப் பொறுப்பேற்க முடிவது இதனால்தான்.

எழுதி வைக்காதது இல்லாததே

சோதனை நிரலாளருக்குத் துணை. பயன்படுத்த வருகிறவருக்குத் துணை ஆவணம். 2017இல் கிட்ஹப் நிறுவனம் 3,800க்கும் மேற்பட்ட திட்டங்களிலிருந்து 5,500 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அரைகுறையான, காலாவதியான ஆவணங்கள் பரவலான பிரச்சினை என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் ஆவணத்தில் எப்போதாவது கைவைப்பதோடு சரி, அல்லது கைவைப்பதே இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. பதில் தந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் மிக நன்றாக வராது என்பதும் அதில் இருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் கணினி படிக்கும் பிள்ளைகளின் நிலை அந்தக் கால்வாசியில் அடங்கும்.

ஆவணம் என்றால் எல்லாவற்றையும் ஒரே ரீட்மீ கோப்பில் கொட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். டேனியலே புரோசிடா என்பவர் வகுத்த டையாடாக்சிஸ் முறை நான்காகப் பிரிக்கிறது. புதியவரைக் கைபிடித்து நடத்தும் பாடம். குறிப்பிட்ட வேலையை முடிக்க வழிசொல்லும் செய்முறை. ஒவ்வொரு செயற்கூறும் எதை வாங்கி எதைத் தரும் என்ற குறிப்பேடு. ஏன் இப்படி வடிவமைத்தோம் என்ற விளக்கம். லக்ஷ்மிக்கு ஏன் மூன்று அல்லது நான்கு என்பது நான்காவதில் வரவேண்டியது. அதைப் பாடத்தில் புகுத்தினால் புதியவர் மிரண்டு ஓடுவார்.

தமிழில் இதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். எழில் மொழிக்கு முத்து அண்ணாமலையும் என். சொக்கனும் சேர்ந்து 2013இல் ‘தமிழில் நிரல் எழுது’ என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். ‘பதிப்பி’ என்று எழுதினால் திரையில் அச்சாகும் என்பதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பழக்கும் பாடம் அது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், லினக்ஸ், தரவுத்தளம், மென்பொருள் சோதனை என்று தொடர்களை எளிய தமிழில் வெளியிட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்தது. ஆங்கிலக் கையேட்டைப் பார்த்துத் தயங்கிய எத்தனையோ மாணவர்கள் அதன் வழியாக உள்ளே வந்தார்கள்.

ஆவணம் பழையதாகிப்போகும் நோய்க்கு முன்னே சொன்ன டாக்டெஸ்ட் ஒரு மருந்து. டிம் பீட்டர்ஸ் எழுதியது. ஆவணத்தில் உதாரணமாகக் கொடுத்த நிரல் வரியையும் அதன் கீழே கொடுத்த விடையையும் அது படித்து, உண்மையிலேயே அந்த விடை வருகிறதா என்று ஓட்டிப் பார்க்கிறது. ஆவணத்தில் குற்றாலத்துக்கு 5 என்று எழுதியிருந்து நிரல் 9 என்று சொன்னால் சோதனை சிவப்பாகும். ஆவணமும் சோதனையும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடுகின்றன.

மத்தளம்பாறையிலிருந்து வடகரை வரை

தென்காசி வட்டாரத்துக்கு டெஸ்டிங் புதிய சொல் இல்லை. ஸோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கி, பின்னர் மத்தளம்பாறையில் வேரூன்றியது. உலகெங்கும் விற்கும் ஸோஹோ டெஸ்க் அங்கே உருவானது. அங்கே உருவாவது பெரும்பாலும் திறமூல மென்பொருள் இல்லை. ஆனாலும் க்யூஏ எனப்படும் தரச் சோதனை என்றால் என்ன, டெஸ்ட் கேஸ் எப்படி எழுதுவது என்று வேலையாகவே கற்ற இளைஞர்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள் என்பது பெரிய சொத்து. அவர்களில் ஒருவர் ஒரு தமிழாசிரியரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் என்னென்ன செய்யலாம்?

முதல் வேலை ஊர்ப் பெயர்கள். இந்த மாவட்டத்தில் வடகரை என்றால் இரண்டு பேரூர்: மேக்கரை அடவிநயினார் அணைப் பக்கம் இருக்கும் வடகரை, சுரண்டைப் பக்கம் சாம்பவர் வடகரை. தேடல் நிரல் இரண்டையும் குழப்பாமல் காட்டுகிறதா? பலகையில் பண்பொழி, பேச்சில் பம்புளி. ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்கிறதா? குற்றாலத்தையும் மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தையும் ஒலிபெயர்ப்பு நிரல் ஒன்றாக்கிவிடுகிறதா? வடகரைக்கு, தென்காசியில், இலஞ்சியிலிருந்து, குற்றாலத்துக்கு என்று வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களிலிருந்து ஊரின் பெயர் சரியாக மீள்கிறதா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு சோதனை.

இரண்டாவது, பழைய எழுத்துரு. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று டிடிபி கடைகளின் கணினிகளில் பல்லாண்டுக் கோப்புகள் பாமினி போன்ற குறிமுறைகளில் கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் இவை அப்படியேதான் இருக்கின்றன. பாமினியில் தென்காசி என்பது என், ஜே, டி, அரைப்புள்ளி, எஃப், எச், ஆர், பி என்ற எட்டு ஆங்கில விசைகள். கொம்பு த-வுக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும். யூனிகோடில் பின்னால் வரவேண்டும். மாற்றி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை அறிய, உண்மையான கோப்புகளிலிருந்து எடுத்த வரிகளும் அவற்றின் சரியான யூனிகோடு வடிவமும் இணை இணையாக வேண்டும். ஓப்பன்-தமிழில் இதற்கான மாற்றிகள் உள்ளன. அவற்றுக்குத் தரமான இணைகளை ஒரு டிடிபி கடைக்காரரைவிட நன்றாக யார் தருவார்? ஆட்களின் பெயர், தொலைபேசி எண் உள்ள வரிகளை நீக்கிவிட்டுத் தந்தால் சரி.

மூன்றாவது ஆவணம். இந்த நூலகங்களில் ஒன்றை ஒரு மாணவி தம் மடிக்கணினியில் நிறுவும்போது எந்தப் படியில் நின்றது, என்ன பிழைச்செய்தி வந்தது, எதைச் செய்ததும் சரியானது என்பதைத் தமிழில் அரைப் பக்கம் எழுதினால் அது முழுமையான பங்களிப்பு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்றவை, கிராமத்து மாணவர்கள் இந்த வழியில் வர முடியும் என்று காட்டியிருக்கின்றன.

அனுப்பும் முறையும் கடினமில்லை. கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி, திட்டத்தின் பக்கத்தில் ‘இஷ்யூ’ ஒன்றைத் திறந்து, கொடுத்த சொல், வந்த விடை, வரவேண்டிய விடை என்று மூன்றையும் எழுதினால் முதல் படி முடிந்தது. நிரல் தெரிந்த யாராவது அதைச் சோதனையாக மாற்றிக்கொள்வார். பைத்தான் கொஞ்சம் தெரிந்தவர் தாமே சோதனையை எழுதி ‘புல் ரெக்வெஸ்ட்’ அனுப்பலாம். நிரலைத் திருத்தாமல் சோதனையை மட்டும் அனுப்பலாமா என்று தயங்க வேண்டாம். பிழையைத் தெளிவாக நிரூபிக்கும் ஒரு சோதனை, பராமரிப்பவரின் பல மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

ஊர்ப் பெயர்ப் பட்டியலை மட்டும் யாரேனும் தொகுக்க முன்வந்தால் ஒரு வேண்டுகோள். பலகையில் உள்ள வடிவம், பேச்சு வடிவம், ஆங்கிலத்தில் எழுதும் வடிவங்கள், நான்கைந்து வேற்றுமை வடிவங்கள் என்று பத்திகள் பிரித்து, எளிய சிஎஸ்வி கோப்பாக, கட்டுப்பாடற்ற உரிமத்தில் தனியாக வெளியிடுங்கள். ஒரே நூலகத்துக்குள் அதைப் பூட்டிவிடாமல் இருந்தால், எழுத்துப்பிழை திருத்தி எழுதுகிறவர், தேடுபொறி அமைக்கிறவர், திறந்த வரைபடத்தில் ஊர்களைக் குறிக்கிறவர் எல்லோரும் தத்தம் சோதனைகளுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.